கர்னல் என்னும் பொலிகாளை மலையேறி, இறங்கி மூச்சுவிட்ட வரலாறு

மே 3

இடது கையை நெஞ்சிலும் வலது கையைப் பேனாவிலும் வைத்து, லைமன் ஆகிய நான் உறுதி கூறுகிறேன்: இன்று தொடங்கி இந்த நோட்டில் ஏறப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நாளைக்கு நானே படித்தாலும் நம்ப மாட்டேன். இன்று நான் கண்ட காட்சி அப்படி.

பக்கத்துப் பண்ணை டெல்மர் கீழே சமவெளியிலிருந்து ஒரு பொலிகாளை வாங்கி வந்திருக்கிறான். டிரெய்லர் கதவைத் திறந்தான். முதலில் தலை இறங்கியது. நாங்கள் போய் காபி குடித்துவிட்டு வந்தோம், கழுத்து இறங்கிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வால் வந்தது. கறுப்பென்றால் சாதாரணக் கறுப்பா? அது நின்ற பக்கம் இருட்டிவிட்டதென்று டெல்மரின் கோழிகள் கூண்டில் போய் அடைந்துகொண்டன.

பெயர் கர்னல். பள்ளத்தாக்கே வேலியோரம் கூடிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் என் பிஷப் நின்றான். கோடையில் எல்லார் மாடும் ஒரே மந்தையாக மலைமேய்ச்சலுக்குப் போகும்போது முதல் பொலிகாளையாகப் போகிறவன். அவனை அழகன் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். கர்னலுக்குப் பக்கத்தில் பார்த்தால் ஆணியில் மாட்டிய மழைக்கோட்டு.

"எப்படிடா இருக்கான்?" என்றான் டெல்மர்.

"பரவாயில்ல. கன்னுக்குட்டி எப்ப பெரிசாகும்?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் தவிர.

மே 4

பொறாமை இல்லை.

மே 5

கொஞ்சம் இருக்கிறது.

மே 9

தீவனக்கடையில் சில உண்மைகளைப் பரப்பிவிட்டு வந்தேன். கர்னலுக்குப் பொய்ப்பல். கர்னல் பட்டாம்பூச்சியைக் கண்டால் முட்டிபோட்டு அழும். கர்னலுக்கு நாலு காலும் இடதுகால். எல்லாரும் ரசித்துக் கேட்டார்கள். எங்கள் ஊரில் காற்று ரொம்ப மெலிசு, அதனால் என் சேவல் பாதிக் கூவலை விடியற்காலையிலும் மீதியைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் கூவுகிறது என்று முன்பு நான் சொன்னதையும் இப்படித்தான் கேட்டார்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து, கர்னலைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மே 14

பொலிகாளைகளுக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் பார்க்கும் நாள். என் தங்கை மகள் கொரின்தான் இப்போது எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர். காளையைக் கூண்டில் நிறுத்தி, தலையை ஒரு பக்கமாகக் கட்டி, கழுத்து நரம்பில் ஊசி இறக்கி, அதன் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாய்வரை தள்ளுகிறாள். பெட்டியின் திரையில் அலை ஓடுகிறது. எண் நாற்பதைத் தாண்டாவிட்டால் மலைக்குத் தகுதி. பிஷப் ஒரு கொட்டாவியோடு தேறினான்.

டெல்மர் கர்னலைக் கொண்டுவரவே இல்லை. கைவீசிக்கொண்டு தான் மட்டும் வந்தான்.

"அவனுக்கெல்லாம் வாங்கின இடத்துலயே பாத்தாச்சும்மா. நல்லாத் தேறிட்டான்."

"அது கீழ பாத்தது, டெல்மர். அங்க காத்து கெட்டி. தண்ணியில்லாத தொட்டியில நீச்சல் பரீட்சை வெச்ச மாதிரி அது. இங்க கொஞ்ச நாள் இருந்தப்புறம் பாத்தாத்தான் கணக்கு."

டெல்மர் என்னைப் பார்த்தான். "மாமா சொல்லிக் குடுத்தாராக்கும்?"

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருப்பேன், தோன்றவில்லை.

அவன் போனபிறகு கொரினிடம் கேட்டேன், அத்தனை பெரிய உடம்புக்குள் அப்படி என்னதான் ஆகும் என்று. குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"உடம்புல வேற எங்க காத்து பத்தாமப் போனாலும் ரத்தக்குழாய் விரிஞ்சு குடுக்கும், மாமா. நுரையீரல்ல மட்டும் நேர்மாறு. சுருங்கும்."

"ஏன் அதுக்கு மட்டும் இந்தத் திமிரு?"

"திமிரு இல்ல, புத்திசாலித்தனம். நுரையீரல்ல ஒரு மூலையில காத்து இல்லேன்னா அங்க ரத்தத்த அனுப்பி என்ன பிரயோஜனம்? அந்த வழிய அடைச்சு, காத்து இருக்கிற மூலைக்குத் திருப்பிவிடும். ஆனா மலைமேல எல்லா மூலையிலயும் காத்து கம்மி. எல்லா வழியும் ஒண்ணாச் சுருங்கிடும்."

குழாய்ச் சுவரில் ஏற்பிகள் இருக்கின்றனவாம், பூட்டு மாதிரி. உடம்பே சுரக்கிற சில பொருள்கள் சாவி. ஒரு சாவி வந்து பொருந்தினால் குழாய் இறுகும், இன்னொன்று பொருந்தினால் தளரும். காற்று மெலிந்த இடத்தில் நாள்பட நாள்பட இறுக்குகிற சாவியும் கூடுகிறது, அதை வாங்கிக்கொள்கிற பூட்டும் கூடுகிறது. சுவர் தடித்துப்போகிறது. மூடிய கதவை இதயம் தள்ளித் தள்ளி ஓய்ந்து, நீர் கசிந்து நெஞ்சுப் பக்கம் இறங்கிவிடும். எல்லா மாட்டுக்கும் அப்படி ஆகாது. எதற்கு ஆகும் என்பது உருவத்தைப் பார்த்தால் தெரியாது. அந்தக் குறை பரம்பரையாகக் கன்றுகளுக்கும் வரும்.

நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டேன். கர்னல் வந்த நாளிலிருந்து எனக்கும் அங்கே ஏதோ இறுக்கம். கொரினிடம் சொல்லவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

மே 24

டெல்மர் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிற நாள். வழக்கப்படி எல்லாரும் உதவிக்குப் போனோம். கன்றைப் பிடித்து அழுத்த வேண்டியவன் கர்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கயிறு வீச வேண்டியவன் கர்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என் சொந்தத் தங்கை மகள் அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டு, "எவ்வளவு சாது!" என்கிறாள். பிஷப்பை அவள் அப்படிச் சொறிந்து நான் பார்த்ததில்லை.

டெல்மரின் மனைவி வெர்னா தான் சுட்ட ஆப்பிள் பையில் பெரிய துண்டாக வெட்டி என் தட்டில் வைத்தாள். நல்ல ருசி. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 4

வேலி சரிபார்க்கிறேன் என்று தினமும் டெல்மர் பக்கம் போகிறேன். இந்த நாட்டிலேயே மிக நன்றாகச் சரிபார்க்கப்பட்ட வேலி இப்போது என்னுடையதுதான். போகாமல் இருக்க முடியவில்லை. குறை தேடிப் போகிறேன். இன்று கிடைத்தது.

கர்னல் மந்தையை விட்டுத் தனியாக நின்றான். முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி. பக்கத்தில் போனேன், நகரவில்லை. கழுத்தடி அலைதாடி வீங்கித் தொங்கியது, தண்ணீர்ப்பை மாதிரி. விரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

முதலில் வந்தது சந்தோஷம். எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை. பிறகு அவன் மூச்சைக் கேட்டேன்.

ஜூன் 5

டெல்மரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தான்.

"முதல்ல பொய்ப்பல்லு. அப்புறம் பட்டாம்பூச்சி. இப்ப நெஞ்சு வீக்கமா? அது கொழுப்புடா! நல்லாத் தின்ற மாட்டுக்கு அப்படித்தான் இருக்கும். உன் மழைக்கோட்டுக்கு இருக்காது."

மழைக்கோட்டு என்று நான் இந்த நோட்டில்தானே எழுதினேன்? அவனுக்கும் அதே தோன்றியிருக்கிறது. அதுதான் குத்தியது.

கொரினை அழைத்து வந்தேன். பட்டிக்கதவிலேயே மறித்துவிட்டான். "உன்மேல மரியாதை இருக்கும்மா. ஆனா உன் மாமா வயித்தெரிச்சலுக்கு என் காளை கழுத்துல ஊசி ஏத்த மாட்டேன்." உடையவன் சம்மதமில்லாமல் அவளால் தொட முடியாது. திரும்பும்போது அவள் என்னைத்தான் திட்டினாள்: "இவ்வளவு பொய்யையும் எதுக்கு மாமா முன்கூட்டியே செலவு பண்ணீங்க?"

ஜூன் 8

வரும் வெள்ளிக்கிழமை மந்தை மலையேறுகிறது. இங்கேயே இப்படி என்றால் மேலே போனால் கர்னல் விழுந்துவிடுவான் என்கிறாள் கொரின். இருக்கிற பணத்தையெல்லாம் டெல்மர் அவன்மேல்தான் போட்டிருக்கிறான்.

நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். பிஷப் மறுபடி முதல்வன் — வேலியோரம் எல்லாரும் — சொன்னேன், அவன் கேட்கல, நான் என்ன செய்ய? சொன்னேன்தானே? சொன்னதே கணக்காகிவிடாதா?

இன்றும் போய்ப் பார்த்தேன். நாக்கு வெளியே. என்னைப் பார்த்ததும் காதை மட்டும் ஆட்டினான். மடையன்! எதிரி வந்தாக் காதையாடா ஆட்டுவ?

ஜூன் 10

மலையேறுமுன் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து. பள்ளிக்கூடத்தில். எந்தக் காளை முதலில் போவது என்று அங்கேதான் முடிவாகும். என் வாழ்க்கையின் மகத்தான சொற்பொழிவைத் தயாரித்துக்கொண்டு போனேன். எழுந்ததும் மறந்துவிட்டது.

"பிஷப்ப வெலக்கிக்கறேன்," என்றேன். "இந்தக் கோடைக்கு மட்டும் இல்ல. இனி எப்பவும் எனக்கு முதலிடம் வேண்டாம். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. கர்னல் கழுத்துல கொரின் குழாய் விடட்டும். எண் சரியா இருந்தா நீங்க எல்லாரும் என்னைப் பாத்து வருஷம் முழுக்கச் சிரிங்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். டெல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இதுல என்னடா தந்திரம்?"

வெர்னாதான் சொன்னாள்: "டெல்மர், லைமன் எத வெச்சு வேணா பொய் சொல்வாரு. பிஷப்ப வெச்சுச் சொல்ல மாட்டாரு."

ஜூன் 11

எண் நூறைத் தாண்டியது. கொரின் குழாயைச் சரிபார்த்து இரண்டாம் தடவையும் பார்த்தாள். அதே அலை. டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வெரட்டக் கூடாது, சத்தம் கூடாது," என்றாள். "நடக்கற நடையிலேயே விழுந்துடலாம். மெதுவா வண்டியில ஏத்தி இன்னிக்கே கீழ இறக்கணும். காத்து கெட்டியாகக் கெட்டியாக இறுகினது கொஞ்சங் கொஞ்சமாத் தளரும். தளரலாம்."

நாய்களை வீட்டுக்குள் பூட்டினோம். என் டிரெய்லர்தான் நீளம், அதில் ஏற்றினோம். நான் ஓட்டினேன், டெல்மர் பக்கத்தில். வளைவுக்கு வளைவு நிறுத்தி இறங்கிக் காதை வைத்துக் கேட்டோம். உலகத்திலேயே மெதுவாக ஓடிய வண்டி அது. வழியில் ஒரு நத்தை எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

பாதி வழியில் டெல்மர் கேட்டான், "அப்படி என்னடா தெனமும் அதையே பாத்துக்கிட்டிருந்த?"

"வயித்தெரிச்சல்டா."

"வாங்கினவன் நான். ஒரு நாள்கூட அவ்வளவு உத்துப் பாக்கல."

கீழே ஆற்றோரம் மரநிழலில் நிறுத்திக் கதவைத் திறந்தோம். கர்னல் இறங்கவில்லை. நின்றான். பிறகு ஒரு மூச்சு இழுத்தான், நீளமாக, அடிவரை. விட்டான். மூலையிலிருந்த உலர்புல்லை ஒரு வாய் கடித்தான்.

டெல்மர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஜூன் 12

மந்தை கிளம்பியது. பிஷப் பட்டிக்குள் நின்று கத்தினான். வார்த்தை வார்த்தைதான் என்று அவனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். டெல்மர் குதிரையில் வந்தான், இறங்கினான், என்னை ஒன்றும் கேட்காமல் பட்டிக்கதவைத் திறந்தான்.

"டேய், நான் வார்த்தை குடுத்திருக்கேன்."

"வார்த்தை உன்னோடது. கதவத் தொறந்தது நான்."

பிஷப் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான். நன்றி கெட்டவன்.

ஜூலை 4

சுதந்திர தின விருந்து. கர்னல் கீழே கொரினுக்குத் தெரிந்தவர் மேய்ச்சலில் இருக்கிறான். வீக்கம் வடிகிறதாம். இனி மலைக்கு வர மாட்டான். மலைமந்தைக்கு அவன் வழிக் கன்றும் கிடையாது. டெல்மருக்கு இது அடிதான். ஆனால் சமவெளிக்காரர் ஒருவர் கர்னலை வாங்கிக்கொள்ளக் கேட்டிருக்கிறார்.

டெல்மர் அடிபட்டவன் மாதிரியா இருந்தான்? மேசை நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான். வீக்கத்தை முதலில் கண்டவன் அவனாம்! விரல் வைத்து அழுத்திப் பார்த்தவன் அவனாம்! உடனே கீழே இறக்கச் சொன்னவனும் அவனாம்! பள்ளத்தாக்கே வாய்திறந்து கேட்டது. நம்பியது. நான் உண்மையைச் சொன்னபோது சிரித்த அதே வாய்கள்தான் அவை. அவன் பொய்யைத் தேனாகக் குடிக்கின்றன. என் தொழிலில் எனக்கே போட்டி. நெஞ்சு மறுபடி இறுகுகிறது.

இந்த நோட்டைப் பின்னால் யாராவது படித்தால் என்று எழுதிவைக்கிறேன்: கோழிகள் அடையவில்லை. கர்னல் இறங்க ஒரு கணம்தான் ஆயிற்று. நத்தை சிரிக்கவில்லை, நத்தையே இல்லை. சேவல் ஒரே தவணையில்தான் கூவுகிறது. ஆனால் ஆற்றோரம் கர்னல் இழுத்துவிட்டானே ஒரு மூச்சு, அப்போது கூடவே என் நெஞ்சும் தளர்ந்தது. அந்தச் சின்ன இடம் மட்டும் மெய்.

டெல்மரிடம் சொல்ல மாட்டேன். அந்த மூச்சையும் தான்தான் முதலில் விட்டதாகச் சொல்லிவிடுவான்.