டோக்கன் வரியில் நான் மாற்றிய சொல்

ஜூன் 10, திங்கள்

காலையிலிருந்து மழை. ஜெட்டி டிக்கெட் ஹாலில் சோதனை. சுனாமிக்குப் பிறகு கட்டியது, அதற்குள் ஒழுகுகிறது. நானும் காதர் பாயும் மட்டும். பாய்க்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கம்ப்யூட்டர் படித்துக் காட்டுவதைக் காதால் கேட்டே, என்னைவிட வேகமாகத் தப்புகளைப் பிடிக்கிறார். நாங்கள் மெஷின் செய்த கம்பெனி ஆளும் இல்லை, கப்பல் ஆபீஸ் ஆளும் இல்லை. மென்பொருள் எல்லோருக்கும் ஆகுமா என்று பார்த்து, வரி வரியாக எழுதிக் கொடுப்பது வேலை.

டோக்கன் எண் திரையில் மட்டும். சத்தமே கிடையாது. பாய் மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு வாயே இல்லியே விமலா. என் நம்பர் வந்துச்சா போச்சான்னு யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

வாங்க வேண்டியது: குடை, சாம்பார் பொடி, தலைவலி மாத்திரை.

ஜூன் 12, புதன்

கம்பெனி மேனேஜரிடமிருந்து மூன்று முறை போன். திறப்பு விழாவுக்கு மெயின்லேண்டிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம். "ஸ்பீக்கர் ஆ ரஹா ஹை, மேடம்." கப்பலில் வந்துகொண்டிருக்கிறதாம். 'உண்டு' என்று போடச் சொல்லிக் கெஞ்சல்.

அறிக்கையில், டோக்கனுக்குச் சத்தம் உண்டா என்ற வரிக்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு 'ஓரளவு உண்டு' என்று போட்டேன். அனுப்பியாயிற்று. பாயிடம் சொல்லவில்லை.

ஜூலை 1, திங்கள்

இன்றே எழுதிவிட வேண்டும்.

வடக்கே, கப்பலில் போக வேண்டிய திக்லிபூரில் பாயின் அக்கா சீரியஸ். பாய் டிக்கெட் எடுக்கத் தனியாகப் போயிருக்கிறார். ஸ்பீக்கர் வரவே இல்லை. நாலு நாளாகக் கப்பல் ரத்து, ஹால் பிதுங்கியது. அவர் எண் வந்து போய்விட்டது. யாரோ சொல்ல, கவுண்டரை நோக்கி நடந்திருக்கிறார். வரிசையை உடைக்கிறான் என்று கூச்சல். "அந்தா பன் ரஹா ஹை!" குருடனாக நடிக்கிறானாம். கழுத்தைப் பிடித்து இழுத்து, அவருடைய கோலைப் பிடுங்கி அதாலேயே அடித்திருக்கிறார்கள்.

அவரைத் தேடி நான் ஹாலுக்குப் போனபோது தரையில் கிடந்தார். வாய் நிறைய ரத்தம். முன்பல் இரண்டு இல்லை. ஒருவன் அப்போதும் முதுகில் உதைத்துக்கொண்டிருந்தான். அவன் முடியைப் பிடித்து இழுத்தேன். கொத்தாகக் கையில் வந்தது. மேலே திரையில் எண்கள் அதுபாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரி. தாடை விரிசல், விலா எலும்பு ஒன்று முறிவு. பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கப்பல் போயிருச்சா?"

போய்விட்டது.

ஜூலை 2, செவ்வாய்

அக்கா மௌத். காலையில் சாவுச் செய்தி போனில் வந்தது. நான்தான் சொன்னேன். பாய் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினார், குளுக்கோஸ் ஊசி பிய்ந்து வரும்வரை. இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து புது அறிக்கை. டோக்கன் வரி: 'இல்லை'. கீழே, நேற்று நடந்தது முழுவதும். முன்பு நான் சொல்லை மாற்றியதும். ஆபீசுக்கு அனுப்பினேன், கம்பெனிக்கும் நகல். பாயிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன்.

சாயங்காலம் மேனேஜர் ஜங்லிகாட்டில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அடுப்பில் தோசை. "வாபஸ் லோ!" அறிக்கையைத் திரும்ப வாங்கு என்று கத்தல். அனுப்பியாச்சு என்று லேப்டாப்பில் காட்டினேன். மூடியை என் வலது விரல்கள் மேல் அறைந்து மூடி, முழங்கையால் அழுத்தினார். நகம் பிளந்தது. பிறகு என் கழுத்தைப் பிடித்தார். அடுப்பு மேடை வரை தள்ளிக்கொண்டு போனார், மூச்சு நின்றது. இடது கைக்குத் தோசைக்கல்லின் பிடி அகப்பட்டது.

அவர் கன்னத்தில் ஒன்று, முழங்கையில் ஒன்று. தோல் பொசுங்கிய வாடை. அலறிக்கொண்டு ஓடினார். பக்கத்து வீட்டு பெங்காலி தீதி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மூன்றாவதும் போட்டிருக்கலாம் என்றுதான் அப்போது தோன்றியது. இப்போது அதை நினைத்தால்தான் பயம்.

ஜூலை 19, வெள்ளி

ஸ்டேஷனில் இரண்டு கேஸ். அவர் மேல் ஒன்று, என் மேல் ஒன்று. மெஷினை நிறுத்திவிட்டார்கள். பாய் வீட்டுக்கு வந்தாயிற்று, கஞ்சி மட்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மெஷினைத் திருத்திவிட்டார்களாம். தீவில் இந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை; மறுசோதனைக்கு ஆபீஸ் எங்களையே கூப்பிட்டிருக்கிறது. கிளம்பும் முன் பாயிடம் எல்லாம் சொன்னேன்.

அவர் கையிலிருந்த டீ கிளாஸ் என் குரலை நோக்கிப் பறந்து வந்தது. காதை உரசிச் சுவரில் உடைந்தது. ரத்தம்.

"எங்க அக்கா குரல ஒரு தடவ கேட்டுருப்பேன்டி."

சில்லுகளைப் பொறுக்கினேன். "நான் போயிரவா பாய்?" என்றேன்.

"எங்க போற? மெஷின யாரு பாக்குறது?"

ஹாலில் மெஷின் எண்ணைச் சத்தமாகச் சொன்னது, இந்தியில், இங்கிலீஷில். பத்து தடவை கேட்டார். கடைசியில்:

"நீ எழுதுனத முழுசா எனக்குப் படிச்சுக் காட்டு. இனிமே நான் கேக்காம ஒரு வரி வெளிய போகக் கூடாது. கையெழுத்து ரெண்டு பேரும்."

"உங்க பேரு என் பேருக்குக் கீழயா?"

"மேல."

எழுதினேன்.