பதினேழாம் நம்பர் தொட்டி

பிப்ரவரி 3, செவ்வாய்

தாவரவியல் பூங்காவிலிருந்து போன் வந்தது. அவளைக் கேட்டார்கள். மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளிநாடு போயிருக்கிறாள் என்றேன். "எப்ப வருவாங்க சார்?" மூன்று மாதம் என்று சொல்லி அக்டோபரில் போனவள். இது ஐந்தாவது மாதம். பெண்டாட்டி எப்போது வருவாள் என்று தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வந்துடுவா" என்று சொல்லி வைத்தேன்.

விஷயம் இதுதான். பூங்காவில் பருவத்துக்குப் பருவம் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் அவள் ஒரு வருடத்துக்குச் சேர்ந்திருந்தாள். மழைக்கால வகுப்பில் ஒரு ரோஜாவை ஒட்டுக்கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பதினேழாம் நம்பர் தொட்டி. தொடர்ந்து மூன்று வகுப்புக்கு வராதவர்களின் தொட்டியைக் காத்திருக்கும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். குளிர்கால வகுப்பு தொடங்கி அவளுக்கு இரண்டு ஆகிவிட்டது.

"வீட்டுல இருந்து வேற யாராவது வரலாமா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்? எனக்குச் செடியும் தெரியாது, கொடியும் தெரியாது.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று பேசியது மொத்தம் ஆறு வார்த்தை. கடையில் நான்கு, லிப்டில் இரண்டு. முப்பத்து நான்கு வருடம் சரக்குக் கிடங்கில் பெட்டி எண்ணியவன் நான். ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு இதுதான் கிடைக்கிறது.

பிப்ரவரி 7, சனி

போனேன். கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் ஒரு நீள மேசை, அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்ட தொட்டிகள். இருபத்து நான்கு. (எண்ணாமல் இருக்க முடிகிறதா?) பதினெட்டாம் நம்பர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அம்மாவுடையது. நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ஓ, நீங்கதான் பெட்டிக்காரரா!" என்றார். அவள் அங்கே எனக்கு வைத்திருக்கும் பெயராம்.

"என்னைப் பத்தி என்ன சொல்லுவா?"

"பேசவே மாட்டீங்கன்னு சொல்லுவாங்க. நெறையச் சொல்லுவாங்க அதைப் பத்தி."

டீச்சருக்கு முப்பது வயது இருக்கலாம். ஒவ்வொன்றாகக் காட்டினார். வேரோடு நிற்பது காட்டு ரோஜா. அதன் பட்டையைக் கீறி உள்ளே ஒரு மொட்டு வைத்துக் கட்டியிருக்கிறாள் அவள், கருஞ்சிவப்பு ரோஜாவின் மொட்டு. அந்த மொட்டு இத்தனை மாதம் தூங்கியது. இன்று அதற்கு மேலே இருக்கும் காட்டுத் தண்டை வெட்டிவிட்டால் அது விழித்துக்கொள்ளும். பாவம் காட்டு ரோஜா. வேரும் அதுதான், உழைப்பும் அதுதான், பெயர் மட்டும் வந்து ஒட்டினவனுக்கு.

"ஒட்டுக்கு மேல வர்றதை வெச்சுக்கணும். ஒட்டுக்குக் கீழ முளைக்கிறதை அப்பப்பக் கிள்ளிடணும்" என்றார் டீச்சர். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வெட்டும்போதுதான் பார்த்தேன். அவள் கட்டிய நாடாவில் அவள் முடிச்சு. எந்தப் பொட்டலத்துக்கும் போடும் அதே இரட்டை முடிச்சு.

பிப்ரவரி 21, சனி

மொட்டு விழித்துவிட்டது! அரிசி அளவு சிவப்பு. போனில் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "ஆச்சு." வைத்துவிட்டாள். மொட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நாலு வார்த்தை கோர்த்துச் சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது?

மார்ச் 14, சனி

குளிர்கால வகுப்பு முடிந்தது. தொட்டியை வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும். மே 16 அன்று பூங்காவில் மலர் நாள். அன்று எல்லாத் தொட்டிகளும் பெயர் அட்டையோடு காட்சிக்கு வைக்கப்படும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள், எனக்கா தொட்டிக்கா என்று தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

தொட்டியில் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழேதான் மண் இருக்கிறது. அரைகுறையாக நிரப்பிய பெட்டியை என் கையெழுத்துப் போட்டு நான் வெளியே அனுப்பியதே இல்லை. கீழே போய் ஒரு பை மண் வாங்கி வந்து விளிம்பு வரைக்கும் நிரப்பித் தட்டிச் சமப்படுத்தினேன். இப்போதுதான் பார்க்க ஒரு லட்சணமாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

போட்டோ எடுத்து அனுப்பினேன். நான் அவளுக்கு அனுப்பும் முதல் போட்டோ. ஐந்து நிமிடத்தில் பதில்: "என் செடியா? நீங்க போனீங்களா?" அடுத்தது: "அந்த ஜன்னல் கண்ணாடியைத் தொடைக்கவே இல்லையா?"

துடைத்துவிட்டு இன்னொரு போட்டோ அனுப்பினேன்.

மார்ச் 28, சனி

மண்ணிலிருந்து இரண்டு தளிர்கள் நிற்கின்றன. ஒன்று நோஞ்சான், சிவப்பாக. இன்னொன்று நான்கு நாளில் அதன் தலைக்கு மேல் போய்விட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கிள்ள வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது. இதில் யோசிக்க என்ன? நோஞ்சானை அடியோடு கிள்ளினேன்.

போட்டோ அனுப்பினேன். வழக்கமாக உடனே பதில் போடுகிறவள் இன்று ஒரு மணி நேரம் கழித்து, "நல்லா வளருது" என்று போட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

தினமும் ஒரு போட்டோ. தினமும் ஏதாவது கேட்கிறாள். "அந்தச் சட்டை இன்னும் கிழியலையா?" "பின்னாடி ரெண்டு டம்ளர் இருக்கே, யாரு வந்தது?" யாரும் வரவில்லை, ஒன்றைக் கழுவவில்லை என்று எழுதினேன். உடனே போனில் கூப்பிட்டுச் சிரித்தாள். மகளைப் பெற்ற புதிதில் இப்படிச் சிரிப்பாள்.

செடி வாரத்துக்கு ஒரு சாண் வளர்கிறது. எனக்கு இத்தனை கைராசி இருக்கிறது என்று அறுபத்து மூன்று வயது வரைக்கும் யாரும் சொல்லவில்லையே.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகள் பேசினாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாளாம். குழந்தையை விட்டுவிட்டுப் போக மனமில்லை. அம்மா இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும், விசாவுக்கு எழுதிப் போடப்போகிறோம் என்றாள். "உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையேப்பா?"

"எனக்கென்ன" என்றேன்.

அக்டோபரில் வாசலில் பெட்டியோடு நின்று, "நான் போயிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்று அவள் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். எனக்கென்ன. நான் சமாளிச்சுக்குவேன். அவள் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

ஏன்டா அப்படிச் சொன்னே? கஷ்டமாத்தான் இருக்கு. சோறு இறங்கல. டிவிய சத்தமா வெச்சாத்தான் தூக்கம் வருது. வந்துடுன்னு ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — அது வாயில வராதா? அவ கேட்டது அதைத்தானே?

ஆனால் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பது?

ஏப்ரல் 13, திங்கள்

போட்டோ மட்டும் அனுப்பினேன். ஒரு வருட விஷயத்தை அவளும் எடுக்கவில்லை.

மே 9, சனி

அடுத்த சனிக்கிழமை மலர் நாள். பெயர் அட்டையில் அவள் பெயரை எழுதி முடித்தேன். மூன்று அட்டை வீணாயிற்று. காட்சிக்கு வைத்ததும் எல்லார் முன்னாலும் வீடியோவில் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். காட்டிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக, அந்த ஒரு வார்த்தையையும் சொல்லிவிடலாம்.

மே 16, சனி

எழுதவே கை கூசுகிறது.

தொட்டியை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும்விட உயரம். நர்ஸ் அம்மா கிட்டே வந்தார், கண்ணாடியைப் போட்டார், ஒரு காம்பைப் பிடித்து விரலால் எண்ணினார். "ஐயோ சார். காம்புக்கு அஞ்சு இலை இருக்கணும். இதுல ஏழு இருக்கு. இது காட்டுச் செடி."

டீச்சர் விரலை மண்ணுக்குள் விட்டுத் தோண்டினார். நான்கு விரற்கடை கீழே ஒட்டு இருந்தது. பக்கத்தில், நான் கிள்ளிய இடம், கறுத்துக் காய்ந்து. விளிம்பு வரைக்கும் மண்ணை ரொப்பி ஒட்டையே புதைத்திருக்கிறேன். எது மேலே, எது கீழே என்று தெரியாமல் அவள் ரோஜாவைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காட்டுச் செடிக்கு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். வெளுத்ததெல்லாம் பால். முப்பத்து நான்கு வருடம் பெட்டி எண்ணினவன் ஒரு காம்பில் ஏழு இலையை எண்ணவில்லை.

"வருத்தப்படாதீங்க. வேர் நல்லா இருக்கு. மழைக்காலத்துல இதுலயே மறுபடி ஒட்டலாம்" என்றார் டீச்சர். வேர் யாருக்கு வேண்டும்? அவள் வைத்த மொட்டு அல்லவா போயிற்று.

ஒப்புக்குச் சப்பாணியாகப் போனவன் ஆட்டத்தையே கெடுத்துவிட்டேன். தொட்டியை மேசைக்கு அடியில் வைத்தார்கள். பெயர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீடியோவில் கூப்பிடவில்லை.

மே 17, ஞாயிறு

போட்டோ அனுப்பவில்லை.

மே 18, திங்கள்

அனுப்பவில்லை. எதை அனுப்புவது?

மே 19, செவ்வாய்

பேசியது: பூஜ்யம்.

மே 20, புதன்

காலையில் அவளே கூப்பிட்டாள். "நாலு நாளா போட்டோ வரலையே. உடம்பு சரியில்லையா? பொய் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டேன். மண், ஒட்டு, ஏழு இலை, மேசைக்கு அடியில் வைத்தது, எல்லாவற்றையும்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க கிள்ளின அன்னிக்கே தெரியும். போட்டோவுல இலை தெரியுதே. சொல்லலாம்னுதான் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போட்டோ அனுப்புறதை நிறுத்திடுவீங்க" என்றாள். "ரோஜா போனா இன்னொண்ணு ஒட்டிக்கலாம். நீங்க தெனமும் என்கிட்டப் பேசுனது கல்யாணத்துக்கு அப்பறம் இப்பத்தான்."

அழுகை வந்துவிட்டது எனக்கு. கிழவனுக்கு. அந்த அழுகையோடுதான் அது வெளியே வந்தது. "வந்துடு."

"இவளுக்கு இங்க யாரு இருக்கா?"

"எனக்கு யாரு இருக்கா?"

பிறகு குழந்தை அழுதது. "இதை அக்டோபர்ல வாசல்ல நின்னப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மே 27, புதன்

போய்த் தொட்டியைக் கொண்டுவந்தேன். காட்டுச் செடியைத்தான் இப்போது போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பதில் வருகிறது. வருவதைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் மறுபடியும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டதே மகளுக்குச் செய்த துரோகம் போல உறுத்துகிறது.

ஜூன் 9, செவ்வாய்

காட்டு ரோஜா பூத்துவிட்டது. வெள்ளை, வெறும் ஐந்து இதழ். வாசனை பால்கனியைத் தாண்டவில்லை. பக்கத்தில் போய் நின்றால்தான் தெரிகிறது.

ஜூன் 20, சனி

ஆகஸ்டில் தொடங்கும் அடுத்த வருடத்து வகுப்புக்குப் பதிவு. படிவத்தில் "எத்தனை பேர்" என்று ஒரு கட்டம். இரண்டு என்று எழுதினேன்.

"மேடம் வந்துடுவாங்களா சார்?" என்றார் டீச்சர்.

"தெரியல" என்றேன். இந்த முறை அதைச் சொல்ல வெட்கமாக இல்லை.

ஜூலை 8, புதன்

மகள் பேசினாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாள் கிடைத்திருக்கிறாராம். அம்மாதான் தேடிப் பிடித்தாளாம். "ஏம்ப்பா, கஷ்டமா இருக்குன்னு என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். குரலில் கோபம் இருந்தது, நியாயம்தான்.

ஜூலை 31, வெள்ளி

விமானம் நாற்பது நிமிடம் தாமதம். இளைத்திருக்கிறாள். காரில் இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. இத்தனை நாள் போனில் பேசியதெல்லாம் வேறு யாரோ பேசியது போல இருந்தது. பயமாக இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றினாள், பெட்டியைக் கூடத்தின் நடுவிலேயே விட்டாள், நேராகப் பால்கனிக்குப் போனாள். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோண்டின பக்கம் போக மற்றப் பக்கமெல்லாம் விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்த மண்ணை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, மூட்டையை ரொப்புற மாதிரியா ரொப்புவாங்க? செடிக்கு மூச்சு முட்டாது?"

கைவளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வெளியே போட்டாள். போட்டுக்கொண்டே பேசினாள். குழந்தைக்குப் பல் முளைத்தது, விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரன் குறட்டை விட்டது, அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கத்தியைத் தீட்டி வைக்க வேண்டியது. நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் நானும் ஏதோ சொன்னேன், என்னவென்று நினைவில்லை.

தரையெல்லாம் மண். இன்னும் பெருக்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.