ஒருவனை விடுதலை செய்த நீதிபதி அக்காவுக்கு

என் அன்புள்ள அக்கா,

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களை ஒரு நாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் வேலைக்குப் போகும் வீட்டுக்காரியை நாங்கள் எல்லாரும் கூப்பிடுவதுபோல சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிட்டேன். தமிழில் எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. எங்கள் கோயில் பங்கின் தமிழ்ச் சஞ்சிகையில், போனவர்களுக்கு எழுத விரும்பினால் எழுதலாம் என்றார்கள். எழுதுகிறேன்.

உங்களை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேனே. மலையூர் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டரின் மகளாகப் பிறந்து சட்டம் படித்தீர்கள். படித்து முடித்த காலத்தில் இந்த நாட்டில் பெண்கள் நீதிபதியாக முடியாது. ஒரு வக்கீலிடம் தட்டெழுத்து வேலை செய்தபடி காத்திருந்து, சட்டம் மாறியதும் பரீட்சை எழுதினீர்கள். முதல் நாள் நீதிமன்ற வாசலில் நின்றவர், "நீதிபதி இன்னும் வரேல்லை, இருங்கோ பிள்ளை" என்று உங்களுக்கே சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். நீங்கள் இத்தாலியனில் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. பிறகு சின்ன ஊர்கள், பிள்ளைகளின் வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றம், கடைசியில் இங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில்தான் உங்கள் சிரிப்பு நின்றது. நகருக்கு வெளியே ஒருமுறையும் நகருக்குள்ளே ஒருமுறையும் மாஃபியாக் கூட்டம் வைத்த குண்டு வெடித்து, உங்களைப் போன்ற நீதிபதிகளும் அவர்களுடைய காவலர்களும் செத்தார்கள். இரண்டாவது வெடி கேட்டபோது நான் உங்கள் குசினியில் நின்றேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மன்னாரில் குண்டுச் சத்தத்துக்குப் பழகிய உடம்பு, மேசைக்கடியில் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் நீங்களும் குனிந்து பக்கத்தில் வந்து இருந்தீர்கள். என் கையைப் பிடித்திருந்தீர்கள். உங்கள் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.

அதன் பிறகு கதவடியில் காவலர்கள், மூடியே கிடந்த யன்னல்கள். வழக்கு நாட்களில் நீங்கள் குடித்த கோப்பி வயிற்றில் தங்குவதில்லை. குளியலறையில் சத்தியெடுக்கும் சத்தம் கேட்கும். பிறகு தண்ணீர் ஓடும். வெளியே வரும்போது உதட்டுச்சாயம் பூசி, பையைத் தோளில் போட்டிருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

அப்போதுதான் அந்தக் கூட்டத்தின் கொலை வழக்கு ஒன்றின் மேல்முறையீடு உங்களிடம் வந்தது. கீழ் நீதிமன்றம் எல்லாருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்திருந்தது. அவர்களில் ஒருவன் கராஜில் வேலை செய்த இளைஞன். கொலைக்குப் போன காரைத் திருத்திக் கொடுத்தான் என்பது அவன்மேல் குற்றம்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் வுச்சீரியாச் சந்தையில் உங்களுக்கு மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மடிப்புக் கலையாத சேட்டுப் போட்ட ஒரு மனிதன், பை பாரம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு என்னோடு நடந்தான். நல்ல மரியாதை. பஸ் நிற்கும் இடத்தில் பையைத் திருப்பித் தந்தபோது கேட்டான்:

"சிஞ்ஞோரா இப்பவும் அந்தத் தெருப்பக்க அறையிலைதானே படுக்கிறவ? சத்தத்திலை நித்திரை வருமோ, பாவம்?"

நான் எந்த வீட்டில் வேலை செய்கிறேன் என்று அவனுக்கு நான் சொல்லவேயில்லை. பையிலிருந்த ஐஸ் தண்ணீர் என் காலில் சொட்டியது. பஸ் வந்தது, போனது. எனக்கு ஏறத் தெரியவில்லை.

வீட்டில் என் மனுசன் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் கதைத்தார். "நீர் வாயைத் திறக்காதையும். சண்டைக்குத் தப்பி வந்தனாங்கள். இஞ்சை வந்து ஆற்றையோ சண்டைக்குள்ளை போகவோ? எங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கு."

அவர் சொன்னது பிழையா அக்கா? பிழை என்று எனக்கு இன்றைக்கும் சொல்ல வராது. ஆனாலும் அடுத்த நாள் உங்கள் முன்னால் நின்றபோது எல்லாம் தானாகவே வந்துவிட்டது. நீங்கள் கதிரையில் இருந்துவிட்டீர்கள்.

"பொலிசுக்கு நான் சொல்லவேணும். ஆனா உம்மை வாக்குமூலம் குடும் எண்டு நான் கேக்கமாட்டன். குடுத்தா உம்மடை பேர் கடதாசியிலை ஏறும். குடுக்காட்டி உம்மிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. வேறை வீடு ஒண்டு பாத்துத் தாறன்."

"நான் போனா உங்களோடை ஆர் நிக்கிறது?"

"பயமா இல்லையோ உமக்கு?"

"பயம்தான் சிஞ்ஞோரா. சரியான பயம்."

"எனக்கும்," என்றீர்கள்.

வாக்குமூலம் கொடுத்தேன். உங்கள் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினார்கள். காவலர்கள் கூடினார்கள். அந்த மனிதனை நான் பிறகு காணவில்லை. ஆனால் மடிப்புச் சேட்டுப் போட்ட எல்லாரும் அவனாகவே தெரிந்தார்கள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு நாளும் வேறு வேறு தெருவால் கூட்டிக்கொண்டு போனேன்.

தீர்ப்பு வந்தது. மற்றவர்களின் தண்டனை அப்படியே நின்றது. கராஜ் இளைஞனை மட்டும் விடுதலை செய்தீர்கள். சந்தையில் என்னிடம் ஒருவன் வந்து கேட்ட கதை எப்படியோ வெளியே கசிந்தது. பேப்பர்க்காரர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். நான் வாயைத் திறந்தது உங்களைக் காப்பாற்றவா, உங்கள் பெயரைக் கெடுக்கவா என்று நினைத்து நினைத்து அழுதேன். மேல்மாடிச் சிஞ்ஞோரா லிஃப்டில் என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்: "பாவம், ஒரு பொம்பிளை என்னதான் செய்வா? பயந்திட்டா." உங்களோடு இரவுச் சாப்பாட்டுக்கு வந்துபோன நண்பர்கள் வருவதை நிறுத்தினார்கள்.

ஒரு பின்னேரம் குசினியில் இருவரும் பயறு உரித்துக்கொண்டிருந்தோம். நிமிராமல் கேட்டீர்கள். "நீரும் அப்பிடித்தான் நினைக்கிறீரோ?"

"எனக்குச் சட்டம் தெரியாது சிஞ்ஞோரா. என்ரை தம்பியை ஊரிலை ஆமிக்காரர் சுற்றிவளைப்பிலை பிடிச்சவங்கள். எல்லாரையும் வரிசையிலை விட, முகத்தை மூடின ஒருத்தன் தம்பியைப் பாத்துத் தலையாட்டினவன். அதுதான் சாட்சி. தம்பி இன்னும் வரேல்லை."

"தலையாட்டினது மட்டுமோ?"

"ஓம்."

உரித்ததைத் தள்ளி வைத்தீர்கள். "இந்தப் பெடியனுக்கு எதிராவும் கடைசியிலை நிண்டது ஒருத்தன்ரை வாய்ச்சொல்தான். கூட்டத்தை விட்டு வந்தவன், தன்ரை தண்டனை குறையவேணும் எண்டு நிண்டவன். அதைத் தீர்ப்பிலை எழுதியிருக்கிறன், ஆரும் வாசிக்கலாம். அறைக்குள்ளை தீர்ப்புச் சொல்ல இருந்த நாங்கள் எட்டுப் பேரும் ஆர் ஆர் என்ன சொன்னதெண்டதை மட்டும் சாகுமட்டும் சொல்லேலாது." பிறகு மெல்ல, "எனக்குள்ளை பயம்தான் கதைச்சதோ எண்டு என்னை நானே கேக்கிறன். இல்லையெண்டுதான் நினைக்கிறன். ஆனா கேக்கிறதை நிப்பாட்ட முடியேல்லை," என்றீர்கள்.

அதன் பிறகும் நீங்கள் நீதிமன்றம் போனீர்கள். நோய் வந்து கால் வீங்கும்வரை போனீர்கள். கடைசி மாதங்களில் குண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செய்தவனை விட்டுவிட்டேனோ, செய்யாதவனை அடைத்தேனோ என்ற பயம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ஒரு மத்தியானம் நான் தலையணையைச் சரிசெய்தபோது போய்விட்டீர்கள். உங்கள் அடக்கப் பூசையன்று கோயிலில் முன்வரிசை வாங்குகள் பாதி வெறுமையாக இருந்தன. எங்கள் சனம் பின்னால் நிறைந்து நின்றது.

இப்போதைய புதினத்தைக் கேளுங்கோ. ரோமில் பெரிய நீதிமன்றம் உங்கள் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். போன கிழமை ரயில் ஸ்தாசியோனே பக்கம் அந்த இளைஞனைக் கண்டேன். ஒரு குழந்தையைத் தோளில் வைத்திருந்தான். பேப்பரில் பார்த்த முகம், மறக்காது. என்னைக் கடந்து போகும்வரை சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவன் செய்தவனா, செய்யாதவனா? எனக்குத் தெரியாது அக்கா. உங்களுக்காவது இப்போது தெரியுமா?

அதற்கு அடுத்த நாள் மேல்மாடிச் சிஞ்ஞோரா தெருவில் மறித்து, பழைய கதையை மறுபடி எடுத்தார். நான் நின்று சொன்னேன்: "ஓம், பயந்தவதான். தீர்ப்பையும் எழுதினவ. நீங்கள் வாசிச்சனீங்களோ?" அவர் வழியை விட்டு விலகிப் போனார்.

நானும் இன்னும் முழுதாக வாசிக்கவில்லை. அந்த இத்தாலியன் எனக்குக் கடினம். மகள் நன்றாகப் படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பேன். வாசித்தபின் அது பிழை என்று எனக்குப் பட்டால், அதையும் உங்களுக்கு எழுதுவேன். நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கும் கீழே பெயர் போடப் பயப்படுகிற,
உங்கள் தங்கை.