படத்தில் இருந்த ரோடு

ஜூன் 11

காலையில் நாலு சோள ரொட்டி தட்டிவிட்டேன். எனக்கு இரண்டு போதும். அவர் போய் எட்டு மாதமாகியும் கை கேட்க மாட்டேன் என்கிறது.

ஆற்றில் கட்டும் கதவணை வேலைச் சத்தம் வீடு வரைக்கும் வருகிறது. ஒன்பது வருஷம் அவர் காவல் காத்த இடம். சத்தம் கேட்டால், டியூட்டியில் இருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார் என்றிருக்கும்.

ஜூன் 27

மகள் மல்லவ்வா அக்கரையிலிருந்து போன் செய்தாள். "அவ்வா, நாகபஞ்சமிக்கு என்னைக் கூப்பிட யாரு வர்றா?"

தாய்வீட்டு ஆண் யாராவது போய் அழைத்தால்தான் பெண் பஞ்சமிக்குப் புறப்படுவாள். வருஷா வருஷம் அவர்தான் படகில் போவார். இப்போது வேலைக்காகப் படகை நிறுத்திவிட்டார்கள்.

"கதவணை மேல ரோடு போட்டுருவாங்க. யாராச்சும் வருவோம்" என்றேன்.

யாராச்சுமா? வீட்டில் நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

ஜூலை 4

சாமி படத்துக்குப் பக்கத்தில் கதவணை வரைபடம் தொங்குகிறது. போன பஞ்சமி முடிந்து மகளைக் கொண்டுபோய் விட்டு வந்த மறுநாள், ஆபீசில் வேண்டாமென்று போட்டதை எடுத்து வந்து ஆணியடித்தார். ரோட்டின் மேல் பென்சிலால் இரண்டு ஆள் போட்டார்.

"இது நீ, இது நான். மக வீட்டுக்குப் போறோம். முன்னால போறது நான்."

"ஏன், நான் முன்னால போனா கதவணை இடிஞ்சிடுமா?"

"சரி தாயி, நீயே போ. ரொட்டிக் கூடையையும் நீயே தூக்கிக்க."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு.

ஜூலை 9

பாட்டீல் இன்ஜினியரிடம் ரோடு எப்போது முடியும் என்று கேட்டேன். 

"கதவை ஒரு மீட்டர் ஒசத்தச் சொல்லிட்டாங்கம்மா. அதுக்குத் தூணை மாத்துனோம். இரும்பு வெலையும் ஏறிடுச்சு. நூத்திருபது கோடின்னு ஆரம்பிச்சது நானூறுல நிக்குது. செலவைக் கொறைக்க ரோட்டை எடுத்துட்டாங்க. கதவை ஏத்தி எறக்குற ஆளு நடக்க மூணடி மேடைதான் வரும்."

"மூணடி போதும் சார். நான் ஒல்லிதானே?"

சிரித்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "பூட்டுப் போட்டிருக்கும்மா. வெளியாளு ஏறக்கூடாது."

ஜூலை 10

படத்தைக் கழற்றப் போனேன். கழற்றவில்லை.

ஜூலை 29

மழை. ஆறு நிறம் மாறிவிட்டது.

அக்டோபர் வெள்ளத்தின்போதுதான் அவர் போனார். படகும் ஓடவில்லை, தூரத்துப் பழைய பாலமும் முங்கிக் கிடந்தது. அப்பா முகத்தை ஒரு தடவை பார்க்கணும்னு அக்கரையில் நின்னு கத்தினாளாம் மல்லவ்வா. தண்ணி இரைச்சல்ல இங்கே எதுவும் கேக்கலை. சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து, மண்ணு போட்டாச்சு. ரோடு இருந்திருந்தா— எத்தனை தடவை இதையே நினைப்பேன்?

அந்த ரோடு இனி வரப்போவதில்லை. சரி. பஞ்சமி வரும். இந்தத் தடவையும் அவள் அக்கரையிலேயே நிற்கணுமா?

ஆகஸ்ட் 8

எள்ளுருண்டை, கடலை உருண்டை பிடித்தேன். மகள் ஊருக்குப் பழைய பாலம் வழியாகச் சுற்றிப் போனால் எழுபது கிலோமீட்டராம். மூன்று பஸ் மாறணும். இத்தனை வருஷத்தில் தனியாக ஒரு பஸ் ஏறியதில்லை.

ஆகஸ்ட் 11

போய்விட்டேன்!

இரண்டாவது பஸ்சைத் தவறாக ஏறினேன். கண்டக்டர் திட்டிக்கொண்டே இறக்கிவிட்டான். தலையில் ரொட்டிக் கூடையோடு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

வாசலில் சம்பந்தியம்மா காசவ்வா. "பொம்பளை வந்து கூப்பிடுற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?"

"எங்க வீட்டுல ஆம்பளையும் நான்தான், பொம்பளையும் நான்தான். அனுப்புறீங்களா இல்லையா?"

அவள் கூடையை இறக்கக் கை கொடுத்தாள். "மூணு நாளா பையைக் கட்டி வச்சிக்கிட்டு வாசலையே பாக்குறா உம் மக. கூட்டிட்டுப் போ. முதல்ல தண்ணி குடி."

மல்லவ்வா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ்சில் என் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். சின்ன வயதில் அவர் தோளில் தூங்குவாளே, அப்படி.

ஆகஸ்ட் 13

பஞ்சமி. வேப்பமரத்தில் ஊஞ்சலை நானே கட்டினேன். முடிச்சு நின்றது.

அவள் கையில் எள்ளுருண்டையோடு சுவர்ப் படத்தின் முன் நின்றாள். "ரோடுதான் வரலையே, இதை ஏன் இன்னும் வச்சிருக்கே? மேல ரெண்டு ஆளு போட்டிருக்கே, யாரு அவ்வா?"

"நீயும் நானும்தான். முன்னால போறது நான்" என்றேன்.