முன்வாசலுக்குப் பத்துத் தொட்டி

ஜூன் 8, திங்கள்

கச்சான் காற்று. காலையிலிருந்து மூன்று தடவை வாசல் பெருக்கியாயிற்று, மறுபடியும் மணல்.

சவூதி தம்மாமிலிருந்து மச்சான் வாய்ஸ் மெசேஜ். எங்கள் மகள் ரிஸ்வானாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறார்களாம். "வீட்டு முன்பக்கம் மொட்டையா கெடக்கு. பத்துப் பூந்தொட்டி வாங்கி வரிசையா வையி. கலரா இருக்கணும்." வருஷத்துக்கு ஒரு மாதம் இந்த வீட்டில் இருக்கிற மனுஷன். பேச்சு மட்டும் மேஸ்திரி மாதிரி.

நம்ம ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருகிறான். அதனால் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள். பெண்ணை அப்புறம்.

வாங்க: ரோஜா 4, குரோட்டன்ஸ் 4, காகிதப்பூ 2. செம்மண். காவி பெயின்ட்.

ஜூன் 9, செவ்வாய்

ஆறுமுகநேரி நர்சரி. கடைக்கார அண்ணாச்சி சொன்னார்: "எக்கா, ஒங்க ஊரு உப்புத் தண்ணிக்கும் இந்தக் காத்துக்கும் ரோஜா நிக்காது. அரளி கொண்டு போங்க." கேட்டேனா? மச்சானுக்குக் கலர் வேண்டுமே. ரோஜாவே வாங்கினேன்.

கதவுக்கு இரண்டு பக்கமும் உயரமான குரோட்டன்ஸ். மற்றதெல்லாம் சுவரோரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

ஜூன் 10, புதன்

அண்ணன் முறைக்கு நான் காக்கா என்று கூப்பிடும் எதிர்வீட்டுக்காரர் பைக்கால் ஒரு தொட்டியை உடைத்துவிட்டு என்னையே சத்தம் போடுகிறார். "தெருவ அடச்சித் தோட்டம் போட்டா நாங்க எங்கன போவோம்?" "ஒங்க வீட்டுப் படி தெருவுல நீட்டிக்கிட்டு நிக்கே, அத மொதல்ல இடிங்க" என்றேன். பைக்கை உருட்டிக்கொண்டு போனார்.

முன்பக்கம் கிடந்த தட்டுமுட்டெல்லாம் கொல்லைக்கு. கிழிந்த மெத்தை, உடைந்த வாஷ்பேசின், கோழிக்கூடு, உடைந்த தொட்டி. முன்வாசல் பளிச்.

ரிஸ்வானா: "எனக்குப் புதுச் சட்ட எடுக்கல. வீட்டுக்கு எடுத்திருக்கீங்க உம்மா." போளா, வேலையைப் பாரு என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

ரோஜா இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. மூன்று நாளாக உப்புப் போர்வெல் தண்ணீர்தானே ஊற்றினேன். கத்தரிக்கோலால் நறுக்கினேன்.

ஜும்ஆ முடிந்தது. பட்டுச் சேலையில் முன்கதவருகே நிற்கிறேன். தட்டுகிற சத்தம் கொல்லைக் கதவில்.

ஐந்து பேரும் முடுக்கு வழியாக வந்திருக்கிறார்கள்! அட அறிவு கெட்டவளே. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போக வர இருக்கிற சந்து அது. பிறந்ததிலிருந்து நானும் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். ஒரு ஆண்பிள்ளை ஃபோனில் சொன்னான் என்று முன்வாசலை ஜோடித்தேன். மாப்பிள்ளையின் உம்மா செருப்பில் கோழிப் பீ. வாஷ்பேசினில் மாட்டி அபாயா கிழிந்தது.

"இதென்னளா, பழைய சாமான் போடுற ஆக்கர் கடையா?"

அவமானம்.

உட்காரக்கூட இல்லை. அறை அறையாகப் பார்த்தார்கள். "பின்னால இடிச்சி மாடி எடுத்துருங்க. எம்மவனுக்கு ஏசி ரூம் வேணும். முன்னால இருக்க தொட்டியெல்லாம் தூக்கிருங்க, வண்டி நிறுத்தணும்." நான் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன். ரிஸ்வானாவிடம் ஒரு கேள்வி கிடையாது. என்ன படித்தாய் என்றுகூட.

தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு அவளே கேட்டாள்: "மாமி, இந்த வீட்ட எம்பேருக்குத்தான எழுதப் போறாங்க? இடிக்கதா வேண்டாமான்னு என்னையும் ஒரு வார்த்த கேளுங்க."

தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. வந்த வழியே போனார்கள்.

ஜூன் 13, சனி

காற்று குறையவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவல்: பெண்ணுக்கு வாய் அதிகம், வேறு இடம் பார்க்கிறோம்.

மச்சான் ஃபோனில் கத்தல். "பிள்ளைய வளத்திருக்க லெச்சணம்! அவளக் கூட்டிட்டுப் போயி மாப்பு கேளு."

"ஒங்களுக்கு வேணும்னா ஃபிளைட் பிடிச்சி வந்து நீங்க கேளுங்க" என்று வைத்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேசும்போது நான் வைத்தது இதுதான் முதல் தடவை.

என்னைப் பெண் பார்த்ததும் இதே வீட்டில்தான். எத்தனை அறை, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். மச்சானுக்கு என் பெயர் தெரிந்ததே நிக்காஹ் அன்றுதான். அதை இன்றுவரை சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்வார். நானும் கூடச் சிரிப்பேன்.

மறுபடி ஃபோன் அடிக்கிறது. அடிக்கட்டும்.

ரிஸ்வானா எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "வாப்பாட்ட கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். கேட்காமலே போட்டேன்.