நான் காப்பாற்றிய கால்

நைனா,

இன்று காலை களி அடிபிடித்துவிட்டது. கேழ்வரகு மாவு தீயும் வாசனை உனக்குத் தெரியும், ஈரச் சாக்கைக் கொளுத்தியது போல. அடுப்பை அணைத்துவிட்டு, களி கிண்டும் துடுப்பைக் கழுவினேன். நடுவில் விரிசல் விட்டு, கம்பி சுற்றிய அதே துடுப்பு. விரிசல் விட்டது உன் தோளில் நான் அடித்தபோது. கம்பி சுற்றியது நீ.

நேற்று அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். நான் எண்பத்தொன்பது கிலோ. சர்க்கரை வந்துவிட்டது. "ஃபேமிலில யாருக்காவது காலை எடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "எங்கப்பாவுக்கு எடுக்கணும்னாங்க. நான் எடுக்க விடலை. சாப்பாட்டுலயே காப்பாத்திட்டேன்" என்றேன். "வெரி குட் சார். உங்கப்பா குடுத்து வச்சவரு" என்றாள். பாராட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது நிறைய இருக்கிறது.

இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜ் ஷாப்பில் இருபத்தெட்டு வருடம் சம்மட்டி பிடித்தவன் நீ. கேன்டீனில் அளவில்லாச் சோறு. தின்றதெல்லாம் அடித்த அடியில் எரிந்துபோனது. விருப்ப ஓய்வு என்று சொல்லி உன் விருப்பத்தைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்மட்டி போயிற்று, சோறு மட்டும் அதே அளவில் இறங்கியது. தட்டில் மூன்று மேடு. குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. இரண்டு வருடத்தில் தொண்ணூற்றேழு கிலோ ஆனாய். வலது பாதத்தில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. 1999இல் பெரியாஸ்பத்திரி டாக்டர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மூணு மாசம் பாக்கலாம். எடையும் சக்கரையும் இறங்கணும். இல்லன்னா முட்டிக்குக் கீழ எடுத்துடுவோம்."

அந்த நேரம் வீட்டில் என்ன இருந்தது? உன் ஓய்வுப் பணம் உன் கூட்டாளியின் லாரியில் ஏறி, ஓசூர் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நான் எம்.ஏ. முடித்துவிட்டு, ஒரு தனியார் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குச் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததாக வந்த கடிதத்தை நீ அடுப்பில் போட்டாய். "படிச்சவன் எவன்டா அப்பனுக்குச் சோறு போட்டிருக்கான்?" என்றாய்.

போட்டேன் நைனா. மளிகைப் பொறுப்பை அம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். பத்திரிகைகளில் எடை குறைக்க எழுதியதெல்லாம் ஓட்ஸும் ஆப்பிளும். எனக்குக் கட்டுப்படியானது கேழ்வரகு, கொள்ளு, கீரை, வெண்ணெய் எடுத்த மோர். வாரம் ஒருமுறை சிவாஜிநகரில், கடைக்காரன் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நேரத்தில் மிஞ்சிக் கிடக்கும் மத்தி மீன். ரேஷன் அரிசியைப் பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கொடுத்துவிட்டு, அவள் பங்குக் கேழ்வரகை வாங்கிக்கொண்டேன். மளிகை அலமாரிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவு அட்டையில் இருந்ததெல்லாம் என் பையில் கால் விலைக்கு இருந்தது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனால் உன்னைக் காப்பாற்ற மட்டும் செய்தேன் என்று எழுதினால் பொய். திருப்பத்தூர்ப் பக்கம் மூன்று வேளையும் களி தின்று வளர்ந்தவன் நீ. பெங்களூர் வந்ததே அரிசிச் சோறு தின்னத்தான் என்பாய். "ரெண்டு பேருதான்டா களி திம்பான். ஒருத்தன் கதியத்தவன். இன்னொருத்தன் ஜெயில்ல இருக்கிறவன்." சோறு குழைந்துவிட்டது என்று ஒருநாள் நீ பித்தளைத் தட்டின் விளிம்பால் அம்மாவை அடித்தாய். அன்றைக்குப் போனது அவள் இடது காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தட்டு தரையில் சுற்றிச் சுற்றி அடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட உன் முன்னால், டாக்டர் சொன்னார் என்ற சாக்கில், தினம் களியை வைக்க முடிந்ததே! முப்பத்துநான்கு வயதில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அது.

முதல் நாள் தட்டைப் பார்த்தாய். "என்னடா இது, ஜெயிலா?"

"ஆமா. மூணு மாசம்."

ஆவி பறந்த உருண்டையை அப்படியே எடுத்து என் முகத்தை நோக்கி வீசினாய். சூடான களி சோறு மாதிரி உதிராது. அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு தோலைத் தின்னும். தாடைக்குக் கீழே அது ஒட்டியிருக்கும்போதே துடுப்பை எடுத்து உன் தோளில் இறக்கினேன். மரம் விரிந்த சத்தம் கேட்டது. வாழ்நாளில் யாரும் உன்னை அடித்ததில்லை. நீ தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "கை நடுங்குது பாரு. இன்னொண்ணு நல்லாப் போடு" என்று சிரித்தாய். போட்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

அதற்குப் பிறகு தினம் யுத்தம்தான். நீ கைத்தடியால் என் முழங்காலில் அடித்தாய். நான் உன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்து மாத்திரை விழுங்க வைத்தேன். சனிக்கிழமைதோறும் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்கு உன்னை இழுத்துப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றுவேன். "பெருசு, கிலோ மூணு ரூபாய்க்கு எடுத்துக்கறேன், விட்டுட்டுப் போறீங்களா?" என்பான் கடைக்காரன். "இரும்பு ரேட்டு போடுடா, பேப்பர் ரேட்டா போடுற?" என்பாய் நீ. அந்தத் தராசு உன்னைத் தொண்ணூற்று மூன்று வரை இறக்கியது. அல்சூர் மார்க்கெட்டில் கன்னடக் கீரைக்காரி ஒருத்தி, "தினா தினா இவ்ளோ சொப்பு, கீரை, வாங்கிறீங்களே சார், வீட்ல மாடு இருக்கா?" என்று கேட்டாள். "ஒண்ணு கட்டி வச்சிருக்கேன்" என்றேன். சாயங்காலம் அதை உன்னிடமும் சொன்னேன். செம்பு பறந்து வந்தது.

ஐந்தாவது வாரத்திலிருந்து தராசு ஏறியது. தொண்ணூற்று நாலு. பிறகு தொண்ணூற்றைந்தரை. புண்ணின் ஓரம் கறுத்தது. எனக்குப் புரியவில்லை. சாவி என் இடுப்பில்தானே இருந்தது?

ஒருநாள் கல்லூரியில் ஸ்ட்ரைக். பதினொரு மணிக்கே வீடு திரும்பினேன். நீ சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாய். தட்டில் மூன்று மேடு. அம்மா குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த ரேஷன் அரிசியை, செல்விக்குப் பூக்கட்டிக் கொடுத்து அம்மா மீட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நாலு வாரமாக.

"அறிவிருக்காம்மா? கால் போயிடும்!"

அவள் வலது காதை என் பக்கம் திருப்பினாள். "அவரு கேட்டாரு, போட்டேன். முப்பத்தாறு வருசமா கேட்டதைத்தானே போடறேன்."

"காலை வெட்டிடுவாங்கம்மா!"

"வெட்டட்டும். ஒதைக்கிற காலுதானே."

நீ வாயில் வைத்த கவளம் அப்படியே இருந்தது. எனக்குத் தலைக்கேறியது. இரண்டு மாதமாக நான் வெயிலில் அலைந்து சேர்த்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்ற வெறி. அடுப்பு மேடையில் கிடந்த துடுப்பை எடுத்து ஓங்கினேன். உன் மேல் அல்ல. அவள் மேல்.

அவள் நகரவில்லை. வலது கன்னத்தை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினாள். "அடி. இந்தக் காது மிச்சம் இருக்குது. அது போனப்போ எந்த டாக்டர்கிட்டடா ஓடுனீங்க, அப்பனும் புள்ளையும்?"

கை தானாக இறங்கியது. நீ கவளத்தைத் தட்டில் துப்பினாய், தட்டிலேயே கை கழுவினாய். அன்று சாயங்காலம் தட்டுத்தடுமாறி எழுந்து போய் எங்கிருந்தோ கட்டுக்கம்பி கொண்டுவந்து, துடுப்பின் விரிசல்மேல் இழுத்து இழுத்துச் சுற்றினாய். "அடிக்கிறதுக்கு இல்லடா. களி கிண்ட வேணுமில்ல" என்றாய். பிறகு அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக, "நான் நொண்டறதைப் பாக்கலாம்னு காத்துக்கினு கீறாளா? நடந்து காட்டறேன்" என்றாய்.

திருந்தினாய் என்று கொஞ்ச நாள் நம்பினேன். அது வெறும் வீம்பு. ஆனால் வீம்புக்குத் தின்றாலும் களி களிதான், கொள்ளு கொள்ளுதான். மூன்று மாதம் முடிந்தபோது தொண்ணூறு. புண்ணின் கறுத்த ஓரம் ஆறத் தொடங்கிச் சிவந்திருந்தது. டாக்டர் இன்னும் ஒரு மாதம் தந்தார். அடுத்த வருடம் எழுபத்தைந்து, புண்ணும் ஆறிவிட்டது. பழைய பேப்பர் கடைக்காரன் உன் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாய், கைத்தடி இல்லாமல். தெருவில் எல்லோரும் என்னைக் காட்டிப் பேசினார்கள். புள்ளைன்னா இப்படி இருக்கணும்.

2001இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை களியில் கட்டி இருந்தது. அன்றைக்குக் கிண்டியவள் அம்மா. "களிகூட ஒழுங்காக் கிண்டத் தெரியலையாடி?" என்று கேட்டாய். தண்ணீர் வைக்கக் குனிந்தவளின் இடுப்பில் உதைத்தாய். வலது காலால். அவள் அலமாரிவரை போய் விழுந்தாள். கால் நன்றாக வேலை செய்தது நைனா. முழு பலத்தோடு இருந்தது.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். களிக்காக உன்னை அத்தனை முறை அடித்தவன், அன்றைக்கு அடிக்கவில்லை. எனக்கு உன் பாதம்தான் தெரிந்தது. ஆறின இடம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா தானாகவே எழுந்தாள். நாலு புடவையைப் பையில் திணித்தாள். அடுகோடியில் அவள் தங்கை வீடு. வாசலில் என்னைத் தாண்டும்போது நின்று, "நீதானே காப்பாத்துன. நீயே வச்சுக்க" என்றாள்.

வைத்துக்கொண்டேன். ஐந்து வருடம். காலையில் கூழ், மதியம் களி, இரவு கீரையும் மோரும். நாம் இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் ஒரு பக்கம் எழுதக் காணாது. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது சர்க்கரை அல்ல, நெஞ்சு. பாடையில் தூக்கியபோதும் நீ எழுபத்திரண்டு கிலோதான். தூக்கியவர்கள், இந்த வயசுக்கு நல்ல உடம்பு என்றார்கள்.

அம்மா வந்தாள். முகத்தருகே போகவில்லை, கால்மாட்டில் உட்கார்ந்தாள். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட யாரோ துணி கிழித்தார்கள். அதை வாங்கி அவளே கட்டினாள். ஒரு முடிச்சு போதும் என்றார்கள். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. ஐந்து முடிச்சு போட்டாள். பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.

இப்போது எனக்குச் சர்க்கரை. உன் துடுப்பால் எனக்கு நானே கிண்டுகிறேன். சுற்றிய கம்பி உள்ளங்கையில் குத்துகிறது, மாற்றவில்லை. தாடைக்குக் கீழே நீ வைத்த தழும்பில் மட்டும் தாடி முளைப்பதில்லை. என் பாதம் உன் பாதம். இரண்டாம் விரல் நீளம், அகன்ற முன்பக்கம். இந்தக் கால் யாரையும் உதைத்ததில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். துடுப்பை ஓங்கியது கை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுகோடி போகிறேன். நான் போனால் அம்மா எதுவும் கேட்காமல் தட்டு வைப்பாள், இருப்பதைப் போடுவாள். நாளைக்குப் போய், அவள் வலது பக்கம் உட்கார்ந்து, எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்று சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன் நைனா. சோற்றையா களியையா, அவள் எதைப் போடுகிறாள் என்று.