பொரிக்குப் பத்து நாள் மருந்து

இலத்தூர்,
ஆடி மாதம், ஞாயிறு காலை.

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். வாராவாரம் வீடியோ போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அம்மா உனக்கு மோர் மிளகாயும் நேந்திரங்காய் சிப்ஸும் பார்சல் கட்டினாள், அதற்குள் வைத்து அனுப்பலாம் என்றுதான். அது மட்டும் இல்லை, போனில் சொல்ல வாய் வராத ஒரு சங்கதியும் இருக்கிறது. பயந்துவிடாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ எங்களிடம் விட்டுப்போன வெள்ளெலிகள் அவல், பொரி இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன.

இந்த வருஷம் சாரல் நன்றாக இறங்கியிருக்கிறது, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, தென்காசி ரோடு முழுக்க வெளியூர் வேன்தான். நம் உரக்கடையில் மூட்டையெல்லாம் நமுத்துப்போகாமல் தார்ப்பாய் போட்டு மூடுவதே எனக்கு வேலையாக இருக்கிறது. உன் அத்தை மகன் சந்தோஷ்குமாருக்குப் பெண் அமைந்துவிட்டது, ஆவணியில் நிச்சயம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூண்டுக்குள் பரப்ப நீ வாங்கி வைத்திருந்த காகிதத் துகள் ஆனி மாதமே தீர்ந்துவிட்டது. அதையே மறுபடியும் வாங்குங்கள் என்று நீ லிங்க் அனுப்பியிருந்தாய். கோழிக்கெல்லாம் மரத்தூள்தானே போடுகிறார்கள், எலிக்குப் போட்டால் என்ன என்று நான்தான் மர அறுவை மில்லில் ஒரு சாக்குத் தூள் வாங்கி வந்து பரப்பினேன். மழைக்கு அது காயவே இல்லை. தினமும் மாற்ற வேண்டியதை மூன்று நாளைக்கு ஒருதரம் மாற்றினேன். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூண்டுப் பக்கம் டிக் டிக் என்று சத்தம், பல்லி என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். பல்லி இல்லை, பொரி மூச்சு விடுகிற சத்தம். மயிரெல்லாம் சிலிர்த்து, முதுகு கூனி மூலையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. ரத்தம் கக்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை துணி போட்ட டிபன் டப்பாவில் மூச்சுக்கு ஓட்டை குத்தி, பொரியை அதில் வைத்து, மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு தென்காசிக்கு பைக்கில் போனேன். கால்நடை டாக்டரிடம் வரிசையில் எனக்கு முன்னால் நம் கடைக்கு வருகிற மூக்கம்மாள் ஆட்டோடு நின்றாள். டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, ஊருக்கே எலி மருந்து விக்கிற நீங்க, எலிக்கு மருந்து வாங்கவா வந்திருக்கிய?” என்று சத்தமாகக் கேட்டாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அவளேதான் பிறகு, “பாவம், வாயால மூச்சு விடுது, நீங்க முன்னால போங்க” என்று வழிவிட்டாள். டாக்டர் கிறிஸ்டி சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். சிரிக்கவில்லை. அது ரத்தம் இல்லை, சுகமில்லாத எலிக்குக் கண்ணிலும் மூக்கிலும் அப்படிச் சிவப்பாக நீர் வரும் என்றாள். மரத்தூளும் மூத்திர நெடியும் சேர்ந்து நெஞ்சில் இறங்கிவிட்டதாம். மருந்து கொடுக்க எடை தெரிய வேண்டும், அங்கே இருப்பதோ ஆடு மாடு நிறுக்கிற மிஷின். எதிரே தளவாயின் நகைக்கடைக்கு ஓடினேன். தங்கம் வைக்கிற தட்டில் எலியா என்று முதலில் முறைத்தார், பிறகு டப்பாவைத் தனியாக நிறுத்துக் கழித்துப் பார்த்து, “இருபத்து நாலு கிராம். சரியா மூணு பவுனு வே உம்ம பிள்ளை” என்றார்.

டாக்டர், திருவனந்தபுரத்தில் இந்த மாதிரிச் சின்னப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிற தன் தோழிக்குப் போன் போட்டு அளவு கேட்டு, பத்து நாளைக்குச் சொட்டு மருந்து எழுதித் தந்தாள். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் காலையும் மாலையும் ஒரு சொட்டு. மரத்தூளைக் கொட்டிவிட்டு டிஷ்யூ பேப்பர் கிழித்துப் போடச் சொன்னாள். கூண்டுக்கு ஒரு பக்கம் மட்டும் பல்பு, சூடு வேண்டாம் என்றால் எலி தள்ளிப் போக இடம் இருக்க வேண்டுமாம். எனக்கு ஒரு சொட்டு கொடுக்கத் தெரியவில்லை, பிடித்தால் நசுங்கிவிடுமோ என்று பயம். எலியைத் தொட்ட கையோடு அடுப்படிக்கு வராதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அம்மா வந்து, “தள்ளுங்க, பிள்ளை வளத்தவளுக்குத் தெரியாதாக்கும்” என்று கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தாள். நான்காம் நாள் பொரி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, இனி தேறாது என்றே நினைத்தோம். அம்மா அவித்த முட்டையின் மஞ்சளைக் கஞ்சியில் கரைத்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பொரி அதை நக்கினாள். அவல், பொரியின் பக்கத்தை விட்டுப் போகாமல் அவள் காதை நக்கிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள் பொரி எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகம் கழுவினாள். அம்மா அழுதுவிட்டாள், நான் கடைக்குப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். மழை நாளில் டிக் சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது முழுசாகப் போகாது என்று டாக்டர் சொன்னாள். கடையில் எலி மருந்து இன்னும் விற்கிறேன், வயலில் நெல்லைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும். ஆனால் எடுத்துக் கொடுக்கும்போது முன்போல் இல்லை.

இனிச் சொல்வதுதான் சொல்ல வராதது. அந்த வாரம் நீ போனில் இரண்டு பேரையும் காட்டுப்பா என்றாய். நான் அவலைக் காட்டினேன், பிறகு கூண்டைத் திருப்பிவைத்து அவலையே மறுபடி காட்டிப் பொரி என்றேன். நீயும் நம்பி, “பொரி குண்டாயிட்டாப்பா” என்று சிரித்தாய். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளை கவலைப்பட வேண்டாம் என்றுதான் மறைத்தேன், ஆனாலும் தப்புத்தான், அப்பாவை மன்னித்துக்கொள். மறைக்கிறவனுக்குத்தான் மறைக்கிறவர்களைத் தெரிகிறது அம்மா. ஒரு மாதமாக நீ போனை ஜன்னல் பக்கம் திருப்பி, தெருவில் போகிற டிராமைக் காட்டுகிறாய், மரத்தைக் காட்டுகிறாய், உன் முகத்தைக் காட்டுவதில்லை. கேட்டால் வேலை ஜாஸ்திப்பா என்கிறாய். நேற்று அம்மாவும், “அவ மொகத்தைக் காட்ட மாட்டேங்கா, என்னன்னு கேளுங்க” என்றாள். என்னவாக இருந்தாலும் சொல். உடம்பா, வேலையா, மனசா, எதுவானாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம், திரும்பி வா என்று கட்டாயப்படுத்தவும் மாட்டோம்.

குற்றாலநாதர் துணையில் நோய்நொடி அண்டாமல் நீ நீடூழி வாழ வேண்டும் என்பதே எங்கள் இருவர் ஆசியும். மோர் மிளகாயைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, அங்கே என்ன மணி, இங்கே என்ன மணி என்று பார்க்காதே. விளக்கைப் போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேரே பிடித்துப் பேசு தாயீ.

உன் வரவுக்கு அல்ல, உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா
சு. நமசிவாயம்